வக்கீலுக்குப் படிக்கிற பசங்களுக்கு தொழில் நடத்தவும் சொல்லிக்குடுக்கிறது எப்படி: நான் நடத்திப் பாத்த வழி

கடைசி வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு ஒருநாள் கிளாஸ் முடிஞ்சதும் தயங்கி தயங்கி வந்து நின்னுச்சு. "சார், அம்மா வீட்லயே மசாலா அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறாங்க, உணவு லைசென்ஸ், ஜிஎஸ்டி, கரன்ட் அக்கவுன்ட் எல்லாமே என் பேர்ல தான் எடுத்தோம், இப்ப நான் வக்கீலா என்ரோல் பண்ணலாமா?" அப்டின்னு கேட்டுச்சு. காண்ட்ராக்ட் ரெண்டு பேப்பர், கம்பெனி சட்டம் ஒரு பேப்பர், வரிச் சட்டம் ஒரு பேப்பர் எல்லாம் பாஸ் பண்ண பொண்ணு, தன் பேர்ல இருக்கிற கடைய என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது. அது மேல தப்பு சொல்ல முடியாது, நாங்க யாரும் அத சொல்லிக்குடுக்கவே இல்ல.

நான் கோயமுத்தூர் பக்கம் பிராக்டிஸ் பண்றவன், ஒரு லா காலேஜ்ல பார்ட் டைமா கிளாஸ் எடுக்கிறேன். வக்கீலா இருந்துகிட்டே பாடம் எடுக்கலாமான்னு சிலர் கேப்பாங்க, எடுக்கலாம், அதுக்கு 1979லயே மத்திய அரசு தனியா விதி போட்டிருக்கு, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான். சட்டத்தையும் தொழில் நடத்துறதையும் சேத்து சொல்லிக்குடுக்க நான் ஒரு செமஸ்டர் முயற்சி பண்ணி சொதப்பி, அடுத்த செமஸ்டர் மாத்தி, இப்ப ஒரு மாதிரி வழிக்கு வந்திருக்கு. வேற காலேஜ்ல இருக்கிற வாத்தியாருங்க, ஜூனியர் வச்சிருக்கிற சீனியருங்க, ஏன் நாலு பசங்க சேந்து தாங்களாவே பண்ணிப் பாக்கணும்னாலும் இத அப்படியே எடுத்துக்கலாம்.

முதல்ல நான் சொதப்பினத சொல்லிடறேன். முதல் தடவ எல்லாரும் பண்ற மாதிரி ஒரு ஐடியா போட்டி வச்சேன், பிபிடி, அஞ்சு நிமிஷ பேச்சு, நடுவர், கேடயம் எல்லாம் உண்டு. ஜெயிச்ச ஐடியா என்ன தெரியுமா, ஒரு ஆப், அதுல ஊர்ல இருக்கிற வக்கீல் எல்லாரையும் லிஸ்ட் போட்டு ஸ்டார் ரேட்டிங் குடுத்து, கட்சிக்காரர அனுப்பி வச்சா வக்கீல்கிட்ட பீஸ்ல இத்தன பர்சன்ட் கமிஷன் வாங்கறது. எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது தான் உறைச்சுது, வக்கீல்களுக்கு விதி போடற பார் கவுன்சிலோட விதிகள்ல, வக்கீல் அல்லாத ஆளோட பீஸ பங்கு போடக்கூடாதுன்னு இருக்கு, கேஸ் பிடிக்க ஆள் வைக்கக்கூடாது, விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு விதி 36 இருக்கு, ஒரே ஐடியாவுல மூணையும் மீறினதுக்கு நான் கேடயம் குடுத்து அனுப்பிருக்கேன். அப்புறம் 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் இந்த மாதிரி ஆன்லைன் லிஸ்ட், ரேட்டிங் விஷயத்துல கடுமையா தீர்ப்பு குடுத்து, அதுல இருக்கிற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு. அந்த தீர்ப்ப பிரின்ட் எடுத்து அடுத்த பேட்ச்சுக்கு முதல் நாள் கையில குடுத்தேன்.

அதனால இப்ப முதல் நாள் ஐடியா கிடையாது, விதிப் புத்தகம் தான்.

முதல் ரெண்டு வாரம்: கோடு எங்க இருக்குன்னு பாக்கறது

பார் கவுன்சில் ஆப் இந்தியா விதிகள்ல 6ஆம் பாகம், விதி 47ல இருந்து 52 வரைக்கும், மொத்தம் ஒன்றரை பக்கம் வரும். அத சத்தமா வாசிக்க வைங்க. சும்மா வாசிச்சா தூங்கிடுவானுங்க, அதனால வாசிக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரும் தன் வீட்டுத் தொழிலையோ தான் நினைச்சு வச்சிருக்கிற தொழிலையோ ஒரு தாள்ல எழுதி வச்சுக்கணும். எங்க கிளாஸ்ல தேங்கா மண்டி, பவர்லூம், டியூஷன் சென்டர், யூடியூப் சேனல், அப்பாவோட லாரி ரெண்டு, ஒருத்தன் ஜிம் வச்சிருந்தான். பின்ன ஒவ்வொரு விதியா வாசிச்சு, அவனவன் தாள அவனவனே திருத்தணும்.

47 சொல்றது, வக்கீல் தானே இறங்கி வியாபாரம் பண்ணக்கூடாது, ஆனா பணம் மட்டும் போட்டுட்டு நிர்வாகத்துல தலையிடாத பங்குதாரரா இருக்கலாம், அதுவும் அந்த வியாபாரம் தொழிலோட கௌரவத்துக்கு பொருந்துதான்னு மாநில பார் கவுன்சில் நினைக்கணும். 48 சொல்றது, கம்பெனில டைரக்டரா, சேர்மனா கூட இருக்கலாம், ஆனா அன்றாட நிர்வாக வேலை இருக்கக்கூடாது, மேனேஜிங் டைரக்டரா, செக்ரட்டரியா இருக்கவே கூடாது. 49 முழுநேர சம்பள வேலை கூடாது. 50 குடும்பச் சொத்தா வந்த வியாபாரத்துல பங்கு வச்சுக்கலாம், நிர்வாகம் பண்ணக்கூடாது. 52ல பார்ட் டைம் வேலைக்கு பார் கவுன்சில்கிட்ட சம்மதம் வாங்கிட்டு போகலாம்.

51 தான் பசங்க யாருக்கும் தெரியாதது. சட்டப் புத்தகம் எடிட் பண்ணலாம், சட்டப் பரீட்சைக்கு கோச்சிங் குடுக்கலாம், பேப்பர் காரங்களுக்கு செய்திய சட்ட ரீதியா சரி பாத்து குடுக்கலாம், பத்திரிகைல எழுதலாம், பாடம் எடுக்கலாம், அது சட்டப் பாடமா இருக்கணும்னு கூட இல்ல. விளம்பரம் பண்ணாம, முழுநேர வேலையா ஆக்காம இருந்தா போதும். டியூஷன் சென்டர் எழுதின பையன் முகம் அப்ப தான் மலர்ந்துச்சு, ஜிம் வச்சிருந்தவன் முகம் சுருங்கிடுச்சு. டியூஷன் பையன்கிட்டயும் சொன்னேன், தம்பி நீ கிளாஸ் எடுக்கறதுக்கு தான் அனுமதி, நாலு வாத்தியார சம்பளத்துக்கு வச்சு நாலு பிராஞ்ச் நடத்தினா அது வியாபாரம், அத வேற யாராவது நடத்தணும்னு.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னு ஒருத்தன் கேட்டே தீருவான். அதுக்கு 1996ல வந்த ஹனிராஜ் சுலானி கேஸ வாசிக்கக் குடுங்க. அவர் டாக்டர், சட்டமும் படிச்சு வக்கீலாவும் என்ரோல் பண்ணனும்னு கேட்டார், முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ரெண்டுமே முழு நேரமும் முழு கவனமும் கேக்கிற தொழில்னு. எனக்கு அந்த தீர்ப்புல முழு உடன்பாடு இல்ல, ஆனா மாறுற வரைக்கும் அதான் சட்டம், அதுக்கு ஏத்த மாதிரி தான் திட்டம் போடணும்.

அப்புறம் கதவு ஒண்ணும் ஒரேயடியா மூடல. என்ரோல் பண்ணாமலே சட்டம் படிச்ச தொழில்காரனா இருக்கலாம், காண்ட்ராக்ட் சாப்ட்வேர் பண்ணலாம், சட்ட செய்தித் தளம் நடத்தலாம், ஆன்லைன் சமரச மேடை நடத்தலாம், வக்கீலா கோர்ட்ல நிக்கவோ வக்கீல்னு போர்டு போடவோ தான் கூடாது. ஏற்கனவே என்ரோல் பண்ணிட்டா, பிராக்டிஸ நிறுத்தி வைக்கிறேன்னு பார் கவுன்சிலுக்கு எழுதி சர்டிபிகேட்ட ஒப்படைச்சிட்டு தொழில பாக்கலாம், திரும்ப வரணும்னா மனு போட்டு வரலாம். சென்னைல ஆரம்பிச்ச வக்கீல்சர்ச் கம்பெனிய நடத்தினவர் பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல்ல படிச்சவர் தான். ஆக ஒவ்வொரு பையனும் ரெண்டு வார முடிவுல மூணு கட்டம் போடணும், கவுன் போட்டுகிட்டே பண்ணக்கூடியது, கவுன கழட்டி வச்சா பண்ணக்கூடியது, எப்பவுமே கூடாதது. மூணாவது கட்டத்துல பர்சன்ட் பீஸ் கண்டிப்பா இருக்கணும், கேஸ் ஜெயிச்சா இத்தன பங்குன்னு பேசறது விதி 20 படி தப்பு, வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வர்றவங்க எல்லாரும் இதுல தான் மாட்டுவாங்க.

ஒரு சின்ன தமாஷ், எல்எல்பி படிச்சவன் எல்எல்பி ஆரம்பிக்கலாமான்னு போர்டுல எழுதினேன், தமிழ்ல எழுதினா படிப்பும் கூட்டு நிறுவனமும் ஒரே எழுத்து தான், பாதி கிளாஸ் கேள்வியே புரியாம முழிச்சுது. பதில், வக்கீல்கள் மட்டுமே சேந்தா ஆரம்பிக்கலாம், ஆடிட்டர் மச்சானையோ சாப்ட்வேர் நண்பனையோ பார்ட்னரா சேத்து வக்கீல் பீஸ பங்கு போட முடியாது.

மூணாவது வாரம்: ஆபீஸ் தான் முதல் தொழில்

தொழில்முனைவுன்னா ஏதோ பெங்களூர்ல நடக்கிற சமாச்சாரம்னு பசங்க நினைக்கறாங்க. பத்துக்கு பத்து ரூம்ல ஒரு டேபிள், ரெண்டு பீரோ, ஒரு குமாஸ்தா, ஒரு ஜூனியர் வச்சு நடக்கிற சீனியர் ஆபீஸும் தொழில் தானே, அதுக்கு வாடகை உண்டு, சம்பளம் உண்டு, வராத பாக்கி உண்டு. நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலும் இத கணக்கு பாக்கறதே கிடையாது, கட்சிக்காரர் குடுத்தத பாக்கெட்ல போட்டுக்கறது, சாயந்திரம் பாத்தா பெட்ரோலுக்கு போயிருக்கும்.

இதுக்கு நான் வைக்கிற பயிற்சி ஒண்ணே ஒண்ணு. ஒரு செக் பவுன்ஸ் கேஸ எடுத்துக்க, கட்சிக்காரர் வந்து உக்காந்ததுல இருந்து தீர்ப்பு வரைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் எவ்ளோ நேரம் ஆகும்னு எழுது. கதை கேக்க ஒரு மணி நேரம், நோட்டீஸ் அடிக்க ரெண்டு மணி, கம்ப்ளைன்ட் தயார் பண்ண மூணு நாலு மணி, பைலிங், ரிட்டர்ன் ஆகி குறை சரி பண்ணி திரும்ப பைலிங், வாக்குமூலம், அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. பசங்க போட்ட கணக்கு கூட்டிக் கழிச்சு 60 மணி நேரம் வந்துச்சு. பீஸ் 15,000 பேசிருக்கோம்னு வச்சுக்கிட்டோம். டைப்பிங், ஜெராக்ஸ், பெட்ரோல், குமாஸ்தா பேட்டா, வாடகைல இந்த கேஸோட பங்குன்னு 6,000 கழிச்சா மிச்சம் 9,000. 60 மணி நேரத்த எட்டு மணி நாளா பிரிச்சா ஏழரை நாள், ஆக நாளைக்கு 1,200. பக்கத்துல கொத்தனார் நாள் கூலிய எழுதச் சொன்னேன், கிளாஸே அமைதி ஆயிடுச்சு. கொத்தனாருக்கு சனிக்கிழம கைக்கு வந்துடும், நமக்கு ரெண்டு வருஷமா தவணைல வரும்.

இந்த கணக்க போட்டதுக்கு அப்புறம் தான் மத்தது எல்லாம் மண்டைல ஏறும். எந்த வேலைக்கு எவ்ளோ, எப்ப எப்ப, எது செலவு எது பீஸ், அப்பீல் போனா தனியான்னு தமிழ்ல ஒரு பக்கத்துல எழுதி கட்சிக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கறது எப்படின்னு சொல்லிக்குடுங்க, முதல்ல எழுதறவன் எல்லாம் "இதன் மூலம் அறியப்படுத்துவது யாதெனில்"னு தான் ஆரம்பிப்பான், அடிச்சிட்டு திரும்ப எழுத வைங்க. ரசீது புக் போடறது, கட்சிக்காரர் காச தன் காசோட கலக்காம தனி அக்கவுன்ட்ல வைக்கிறது, கம்பெனி கட்சிக்காரர் பீஸ்ல டிடிஎஸ்னு வரி பிடிச்சா அத ரிட்டர்ன்ல கோரி வாங்கறது, தனி வக்கீலோட பீஸுக்கு பெரும்பாலும் ஜிஎஸ்டிய வியாபாரக் கட்சிக்காரரே நேரா கட்டணும்ங்கறது, இதெல்லாம் ஒரு ஆடிட்டர கூட்டிட்டு வந்தா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

ஜூனியர் சம்பளத்தையும் இங்கயே பேசிடுங்க. 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட், சென்னை, மதுரை, கோயமுத்தூர்ல ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு. எத்தன ஆபீஸ்ல குடுக்கறாங்கன்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. ஆனா அத குடுக்கணும்னா ஒரு சீனியர் ஆபீஸ்க்கு மாசம் எவ்ளோ வரவு வேணும்னு பசங்கள கணக்கு போட வைங்க, நாளைக்கு அவனும் ஒரு ஜூனியர வச்சுக்கப் போறவன் தான.

நாலாவது வாரத்துல இருந்து எட்டு வரைக்கும்: ஒரு தொழில்காரரோட பேப்பர்

இதான் பயிற்சியோட உசிரு, இதுக்கு நேரத்த தாராளமா குடுங்க. நாலு பேர் ஒரு குழு, ஒரு குழுவுக்கு ஒரு சின்ன தொழில். பெரிய கம்பெனி வேண்டாம், அவங்ககிட்ட எல்லாம் ஏற்கனவே ஒழுங்கா இருக்கும், நமக்கு கத்துக்க ஒண்ணும் இருக்காது. பேக்கரி, லேத், பிரின்டிங், தையல் யூனிட், நர்சரி கார்டன் மாதிரி.

ஒரு குழுவ திருப்பூர்ல ஒரு பிரின்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, அதாவது மத்தவங்க அனுப்பற துணில கூலிக்கு அடிச்சுக் குடுக்கிற இடத்துக்கு கூட்டிட்டு போனேன். ஓனருக்கு அம்பது வயசு இருக்கும், கை நகத்துல எல்லாம் கலர். பசங்க நோட்ட விரிச்சதும் ஒருத்தன் கேட்டான், "சார் உங்க அக்ரிமென்ட் காப்பி கிடைக்குமா?" அவர் சிரிச்சிட்டார். "அக்ரிமென்டா? ஏன் தம்பி, பதினஞ்சு வருஷமா வாய்ப்பேச்சு தானுங்க, துணி பீஸ் வரும், அடிச்சு குடுப்போம், பில்லு போடுவோம், அவிய எப்ப குடுக்கறாங்களோ அப்ப வாங்கிக்குவோம்." அப்புறம் உள்ள போயி ஒரு மஞ்சப் பைய எடுத்துட்டு வந்து டேபிள்ல கவுத்தார். டெலிவரி சலான், பில்லு, ரெண்டு திரும்பி வந்த செக், ஒரு டீக்கடை கணக்கு, பேரனோட மார்க் ஷீட் கூட இருந்துச்சு. சலான்ல பாதிக்கு வாங்கினவர் கையெழுத்து இல்ல. ஒரு செக் திரும்பி வந்து நாப்பது நாள் ஆயிடுச்சு.

இப்ப தான் சட்டம் உள்ள வருது பாருங்க. செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து கைக்கு வந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் டைம், அதுக்குள்ள காசு வரலன்னா அதுக்கு அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல போடணும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண அதே நாட்கள் தான், ஆனா அந்த மனுசன் முன்னாடி உக்காந்து நாப்பது நாள்னு எண்ணும்போது ஒரு பொண்ணுக்கு கண்ணு கலங்கிடுச்சு. செக்கோட மூணு மாச ஆயுசு இன்னும் மிச்சம் இருந்துச்சு, அதனால திரும்ப பேங்க்ல போட்டு, மறுபடி திரும்பினா புதுசா நாள் எண்ணலாம்னு கண்டுபிடிச்சதும் அதே பொண்ணு தான்.

அடுத்து பாக்கி. சின்ன தொழில்களுக்கான 2006 எம்எஸ்எம்இ சட்டத்துல, எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா சரக்கோ வேலையோ ஏத்துக்கிட்ட 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கேட்டு வாங்க அந்த சட்டத்துலயே தனி கவுன்சில் இருக்கு, ஆன்லைன்லயே மனு போடலாம். ஆனா இதுக்கு உத்யம்னு சின்ன தொழில்களுக்கான அரசு பதிவு வேணும், அதுவும் எப்ப பண்ணிருக்கணும்ங்கறதுல தான் சண்டையே, சரக்கு குடுக்கறதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இருக்கு, பின்னாடி அந்தக் கேள்விய பெரிய பெஞ்ச்சுக்கும் அனுப்பிருக்காங்க. அதனால பசங்களுக்கு நான் சொல்றது, எந்தத் தொழில்காரர பாத்தாலும் முதல் கேள்வி உத்யம் இருக்கா, எந்த தேதி. பதிவுக்கு ஒரு பைசா கிடையாது, காசு வாங்கிட்டு பண்ணித் தர்றவங்க ஊர் பூரா இருக்காங்க. அப்புறம் ஒரு விஷயம், சின்ன யூனிட்டுக்கு அந்த காலக்கெடுவுக்குள்ள காசு குடுக்கலன்னா, குடுக்கற வருஷம் வரைக்கும் வாங்கினவர் அத வருமான வரில செலவா கழிக்க முடியாது, 2024-25 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து இந்த விதி. நோட்டீஸ விட இத வாங்கினவரோட ஆடிட்டர் காதுல போட்டா காசு சீக்கிரம் வருது, அனுபவத்துல சொல்றேன்.

இங்க ஒரு எச்சரிக்கை. மாணவன் வக்கீல் இல்ல. வக்கீலா பதிவு பண்ணாதவன் வக்கீல் வேலை பாக்க முடியாது, 1961 வக்கீல் சட்டத்துல கோர்ட்ல அப்படி நின்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில்னே இருக்கு, ஆலோசனை சொல்றதும் வக்கீல் தொழில்ல சேந்தது தான்னு 2018ல ஏ.கே.பாலாஜி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால எங்க விதி, கேட்டு எழுதிட்டு வா, வாய திறந்து பதில் சொல்லாத. "சார்கிட்ட கேட்டு சொல்றோம்ங்க", அவ்ளோதான் வாயில வரணும். டிராப்ட் மாணவன் போடலாம், பாத்து திருத்தி கையெழுத்து போட்டு அனுப்பறது பிராக்டிஸ்ல இருக்கிற வக்கீல் தான், பொறுப்பும் அவருக்கு தான். இன்னொண்ணு, அந்த மஞ்சப் பைல பாத்த பேரு, தொகை எதுவும் வாட்சப் குரூப்ல வரக்கூடாது. ஒருத்தன் திரும்பி வந்த செக்க போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டான், அன்னிக்கே அவன அந்த குழுவுல இருந்து எடுத்துட்டேன், இதுல மட்டும் நான் இரக்கம் பாக்கறதில்ல. அதே மாதிரி ஒரு குழு போற யூனிட்டுக்கு காசு தராதவர், இன்னொரு குழுவுல இருக்கிறவனோட மாமாவா இருக்கலாம், திருப்பூர்ல இதெல்லாம் சகஜம், போறதுக்கு முன்னாடியே விசாரிச்சிடுங்க.

அப்புறம் கடைசி ஒரு மாசம்: ஒரு வேலைய பொருளா மாத்தறது

எட்டு தொழில பாத்துட்டு வந்து உக்காந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி நாலு குறை தான் இருக்கும். எழுத்துல எதுவும் இல்ல, சலான்ல கையெழுத்து இல்ல, பதிவு இல்ல, பேர பாதுகாக்கல. ஒவ்வொருத்தருக்கும் புதுசு புதுசா உக்காந்து எழுதறது வக்கீல் புத்தி, ஒரு தடவ நல்லா எழுதி பத்து பேருக்கு பொருந்துற மாதிரி பண்றது தொழில் புத்தி, ரெண்டையும் இங்க தான் சேக்கணும். குழுவுக்கு ஒண்ணு குடுங்க. ஒரு பக்க ஜாப் ஒர்க் ஒப்பந்தம் தமிழ்ல, எத்தன நாள்ல காசு, டேமேஜ் ஆனா யார் பொறுப்பு, தகராறு வந்தா எந்த ஊர் கோர்ட். சலான் அடியில அடிக்க வேண்டிய ரெண்டு வரி. பாக்கி கேக்கிற கடிதம் மூணு, முதல் கடிதம் சொந்தக்காரர்கிட்ட பேசற மாதிரி, மூணாவது நோட்டீஸ் மாதிரி. இத அந்த ஓனர்கிட்டயே குடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அவருக்கு எங்க தடுக்குதோ அங்க நம்ம எழுத்து தப்புன்னு அர்த்தம். எங்க பிரின்டிங் ஓனர் முதல் வரைவ வாசிச்சிட்டு "இத குடுத்தா நாளைக்கு ஆர்டரே வராதுங்க தம்பி"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். மூணு தடவ மாத்தி, கடைசில சலான்லயே நாலு வரியா சுருக்கினது தான் நின்னுச்சு.

டிரேட் மார்க் ஒரு நாள் போதும், ஆனா கையால செஞ்சு பாக்கணும். மசாலா 30ஆம் வகுப்புல வரும், பொது தேடல்ல போயி அதே மாதிரி பேர் இருக்கான்னு பாக்கணும், ஆன்லைன்ல போட்டா தனி நபருக்கும் சின்ன நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500, மத்தவங்களுக்கு 9,000. "சுவை மசாலா"ன்னு பேர் வச்சா பொருளோட குணத்த தான சொல்லுது, ஆட்சேபம் வரும்னு வியாபாரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிருந்தா எத்தனையோ பேருக்கு லேபிள் அடிச்ச காசு மிச்சம் ஆயிருக்கும்.

பசங்களுக்கு விளம்பரம் பத்தி குழப்பம் இருக்கும். 2008ல இருந்து வக்கீல் வெப்சைட் வச்சுக்கலாம், ஆனா பேரு, முகவரி, போன், என்ரோல்மென்ட் நம்பர், படிப்பு, எந்த மாதிரி கேஸ் பாக்கறோம், அந்த அளவோட நிறுத்திக்கணும். ரீல்ஸ்ல "கேஸா, வாங்க நம்மகிட்ட"ன்னு கூவக்கூடாது. பின்ன வேலை எப்படி வரும்னா, மில் ஓனர் சங்கத்துலயோ சுய உதவிக் குழுவுலயோ ஒரு மணி நேரம் போயி பாக்கி வசூல் சட்டம் பத்தி பேசிட்டு வா, கார்டு நீட்டாத, பேசினத நல்லா பேசு. ஏஐ வச்சு டிராப்ட் போடறவனுங்களும் இருக்கானுங்க, போடட்டும், ஆனா அதுல வர்ற ஒவ்வொரு தீர்ப்பையும் தீர்ப்பு தேடற வெப்சைட் இந்தியன் கானூன்லயாவது திறந்து பாத்து பக்கத்துல டிக் அடிச்சு தான் என்கிட்ட வரணும், இல்லாத தீர்ப்ப அழகா எழுதிக் குடுக்கற வித்தை அதுக்கு உண்டு.

காலேஜ் நிர்வாகம் டைம் டேபிள்ல இடம் இல்லன்னு சொல்லும். சொன்னா இத காட்டுங்க: பார் கவுன்சில் பாடத்திட்டத்துலயே செய்முறைப் பேப்பர் நாலு கட்டாயம், அதுல டிராப்டிங்கும் தொழில் ஒழுக்கமும் இருக்கு, அதுக்குள்ளயே இத சொருகிடலாம். இன்டர்ன்ஷிப் 3 வருஷப் படிப்புக்கு 12 வாரம், 5 வருஷத்துக்கு 20 வாரம், கோர்ட்டும் வக்கீல் ஆபீஸும் மட்டும் இல்ல, கம்பெனில பண்றதும் அந்த விதிலயே இருக்கு. வெளியாள் பேசணும்னா ஜெயிச்ச கதை சொல்றவங்கள கூப்பிடாதீங்க, இருபது வருஷ அனுபவம் உள்ள ஒரு குமாஸ்தாவ கூப்பிடுங்க, எந்த பேப்பர் ஏன் ரிட்டர்ன் ஆகும், எந்த கட்சிக்காரர் பாக்கி வைப்பார்னு அவர் சொன்னது மாதிரி யாரும் சொன்னதில்ல. ஒரு பேங்க் மேனேஜர், புதுத் தொழிலுக்கு உதவுற தமிழ்நாடு அரசு அமைப்புகளான ஸ்டார்ட்அப் டிஎன் இல்ல இடிஐஐ ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், ஆளுக்கு ஒரு மணி நேரம், போதும்.

மார்க் எதுக்கு போடறதுன்னு கேட்டா, பைலுக்கு போடுங்க. தன் மூணு கட்டத் தாள், பீஸ் கணக்கு, போன தொழிலோட தேதி வரிசைக் குறிப்பு பேர மறைச்சு, கடைசியா நின்ன வரைவும் திருப்பி அனுப்பப்பட்ட வரைவும். திருப்பி அனுப்பப்பட்டத வைக்காதவனுக்கு நான் பாதி மார்க் தான் போடறேன்.

மசாலா பொண்ணு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்தக் கணக்கையே கிளாஸ்ல ஒரு பயிற்சியா வச்சோம், அதுகிட்ட கேட்டுட்டு தான். பேர் மாத்தறதுன்னு ஒரு பட்டன் கிடையாது, ஜிஎஸ்டி பான் நம்பரோட ஒட்டினது, அதனால அம்மா பேர்ல புதுசா எடுத்து, கைல இருந்த சரக்கையும் வரி வரவையும் ஐடிசி-02 பாரத்துல மாத்தி, அப்புறம் தான் பழச ரத்து பண்ணனும், உணவு லைசென்ஸும் அம்மா பேர்ல புதுசு, டிரேட் மார்க் எழுதிக் குடுக்கறது தனி. எல்லாம் முடிய மூணு மாசம் ஆச்சு, அதுக்கு அப்புறம் தான் என்ரோல்மென்ட் மனு போட்டுச்சு, 750 பீஸ், அதுக்கு மேல கேக்கக்கூடாதுன்னு 2024 ஜூலை 30 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பையும் கைல எடுத்துட்டு போச்சாம். இப்ப பக்கத்து ஊர்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கு. முதல் பில் அம்மாவுக்கு தான் போட்டுச்சு, மசாலா கடைக்கு மொத்தமா சரக்கு எடுக்கிற கடைக்காரங்களோட ஒப்பந்தம் எழுதினதுக்கு 2,500. அம்மா பேரம் பேசி 2,000 தான் குடுத்தாங்களாம், மிச்சம் 500 பாக்கின்னு ரசீதுலயே எழுதி வச்சிருக்கு.